குளிரில் மடிந்தோர் விட்டுச்சென்ற சொல்

ஒரு மக்களினத்தின் வரலாற்றை அரசர்களின் போர்களில் மட்டுமன்று, எளிய மாந்தர் நாள்தோறும் வழங்கிய சொற்களிலும் நாம் காணலாம். குளிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இதற்குத் தக்க சான்று.

கடுங்குளிரைச் சுட்டும் 'கோல்ட்', இதமான தண்மையைச் சுட்டும் 'கூல்', உடலைச் சில்லிடச் செய்யும் 'சில்' ஆகிய மூன்றும் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து முளைத்தவை. பழைய ஆங்கிலேயர் வயதையே குளிர்காலங்களால் எண்ணினர். பத்து வயதுச் சிறுவன் அவர்களுக்குப் பத்துக் குளிர்காலம் கண்டவன். ஒரு குளிர்காலத்தைக் கடந்து உயிரோடிருப்பதே ஓராண்டு வாழ்ந்ததற்கு அளவுகோலாயிற்று. 'ஃப்ரிஜிட்' போன்ற இலத்தீன் சொற்கள் பிற்காலத்தில் கற்றோரின் ஏடுகள் வழியே வந்து சேர்ந்தவை.

இச்சொற்களினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. பட்டினி கிடத்தலைக் குறிக்க இன்று வழங்கும் 'ஸ்டார்வ்' என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் 'இறத்தல்' என்றே பொருள்பட்டது. அதன் உடன்பிறப்பான ஜெர்மன் சொல் இன்றளவும் அப்பொருளிலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலோ பொதுவான சாவைக் குறித்த சொல், காலப்போக்கில் பசியால் சாதலையும் குளிரால் சாதலையும் குறிக்கலாயிற்று. பசிப்பொருள் நாடெங்கும் நிலைத்தது; குளிர்ப்பொருளை வடபகுதி மக்கள் காத்து வந்தனர். 20-ஆம் நூற்றாண்டிலும் யார்க்‌ஷயரின் சிற்றூர்களில் ஒருவர் தம்மை 'ஸ்டார்வ்ட்' என்றால், அவர் கேட்டது உணவையன்று, கணப்பையே. ஏழைகளை மிகுதியாக வாட்டியவை எவை என்பதை இச்சொல்லே நமக்கு உரைக்கிறது எனலாம்.

1683-84-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை எண்ணிப் பார்ப்போம். இலண்டனில் தேம்ஸ் ஆறு கல்லாய் உறைந்தது. பனிக்கட்டியின் மேல் கடைத்தெருக்கள் எழுந்தன. அச்சுப்பொறியும் அங்கே இயங்கியது. மக்கள் தங்கள் பெயரை அச்சிட்டு வாங்கி மகிழ்ந்தனர். அந்தத் திருவிழாவைத் தம் நாட்குறிப்பில் வரைந்த ஜான் ஈவ்லின், விறகும் நிலக்கரியும் விலையேறியதையும், ஏழைகளின் உயிர்காக்க நன்கொடை திரட்டப்பட்டதையும் உடன் பதிந்துள்ளார். ஒரே பனி ஒருவர்க்குக் கேளிக்கை, மற்றொருவர்க்குச் சாவு.

பிறரன்பைப் போல் குளிர்ந்தது என்றொரு மரபுத்தொடரும் ஆங்கிலத்தில் உண்டு. முகங்கோணி ஈந்த உதவியைப் பெற்றவர்களின் பட்டறிவு அதில் உறைந்து கிடக்கிறது. விறகு தந்தவனும் அன்பைத் தர மறந்தால், பெறுபவனின் நடுக்கம் தீருமோ? வறியோரின் நாவில் வழங்கிய இத்தகைய சொற்களைக் கேட்கும்போது, அவர்கள் எதற்காக ஏங்கினர் என்பதையும் நாம் சேர்த்துக் கேட்பது கடனன்றோ?