சமாதானச் சீட்டு

எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் ஒரு விண்ணப்பம். விண்ணப்பதாரர் ஔரேலியஸ் டயோஜெனெஸ். வயது 72. அங்க அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு. தேவர்களுக்கு எப்போதும் பலி கொடுத்து வந்திருப்பதாகவும், ஆணைப்படி இப்போதும் அதிகாரிகள் முன்னிலையில் கொடுத்துவிட்டதாகவும், சான்று வேண்டுமென்றும் கேட்கிறார். தேதி கி.பி. 250 ஜூன் 26. இது போல நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான். பெயரும் தழும்பும்தான் மாறுகின்றன. பாரங்களோடு பகல் பொழுதைக் கழிக்கும் என் போன்ற வங்கி குமாஸ்தாவுக்கு இது அந்நியமான இலக்கியமல்ல.

இந்த டயோஜெனெஸ் கிறிஸ்தவரா என்று ஏட்டைக்கொண்டு சொல்ல முடியாது. டீஷியஸ் சக்ரவர்த்தியின் ஆணை எல்லோருக்குமானது. ஆனால் கிறிஸ்தவர்களுக்குத்தான் அது கத்தி. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் அங்கேயே செத்தார்கள். மிகப் பலர் பலி கொடுத்தார்கள். கார்த்தேஜில் கூட்டம் தாளாமல், பொழுது சாய்ந்துவிட்டது நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, இன்றே முடித்துக்கொடுங்கள் என்று இவர்கள் கெஞ்சினார்களாம். எழுதிவைத்தவர் அந்த ஊர் பிஷப் ஸைப்ரியன். வேறு சிலர் கைக்காசைக் கொடுத்து, பலி கொடுக்காமலே சான்றை வாங்கிக்கொண்டார்கள்.

பயம் சற்றே தணிந்ததும் இவர்கள் எல்லோரும் சபையின் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். மன்னிப்பது யார்?

சிறையிலிருந்தவர்கள் காத்திருக்கவில்லை. சமாதானச் சீட்டுகள் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சபையில் ஏற்றுக்கொள்க என்று. ஸைப்ரியன் பதறினார். சேர்ந்தவர்கள் என்றால் எத்தனை பேர்? இருபது முப்பது பேர் வந்து நின்றால் என்ன செய்வது? தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலை. அவர் பதற்றம் எனக்குப் புரிகிறது.

லூஸியன் என்ற கைதி இன்னும் ஒரு படி மேலே போனான். சிறையில் செத்துப்போன பவுலுஸ், யார் கேட்டாலும் என் பேரில் சமாதானம் கொடு என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்லி, செத்தவன் பேரிலேயே சீட்டு எழுதினான். ரோமிலிருந்து ஸெலரினஸ் அவனுக்கு எழுதிய கடிதம் மிஞ்சியிருக்கிறது. விசுவாசத்தில் வழுவிய இரண்டு சகோதரிகளுக்காக மன்றாடும் கடிதம். ஒருத்தி கோயிலுக்குப் பாதி வழி ஏறி, காசு கொடுத்துவிட்டுத் திரும்பியவள். ஈஸ்டர் அன்றும் அழுதேன் என்கிறான். கார்த்தேஜிலிருந்து வந்திறங்கிய அறுபத்தைந்து விசுவாசிகளுக்கு இந்தப் பெண்கள்தான் துறைமுகத்துக்குப் போய் எதிர்கொண்டு பணிவிடை செய்தார்கள் என்கிறான்.

சபைச் சரித்திரக்காரர்கள் இந்தச் சீட்டுகளை ஒழுங்கீனம் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒழுங்கீனம்தான். ஆனால் எழுதியவர்கள் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள். பசியிலும் சித்திரவதையிலும் கிடந்தவர்கள். ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுத்தவர்களை வெறுக்க ஊரிலேயே அதிகக் காரணம் இவர்களுக்குத்தான் இருந்தது. வெறுக்கவில்லை. விசாரிக்கக்கூட இல்லை. அந்தத் தாராளத்தில் கொஞ்சம் அகந்தையும் இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸைப்ரியனுக்கு இன்னொரு சங்கடம். துன்புறுத்தல் நடந்தபோது அவர் தலைமறைவாக இருந்தார். சபையைக் காப்பாற்றத்தான் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன்; கார்த்தேஜில் எல்லோரும் நம்பவில்லை. ஓடிப்போனவர், நின்றவர்களைப் பார்த்து உங்கள் மன்னிப்புக்கு விதிமுறை வேண்டும் என்கிறார்.

ரோமில் நோவேஷியன் அதற்கும் இடம் வைக்கவில்லை. வழுவியவனைக் கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும், சபை மன்னிக்காது. சுத்தம், கறார், தர்க்கத்தில் ஓட்டையில்லை. அவர் கட்சி சில நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. நம் சிறுபத்திரிகை உலகத்திலும் நோவேஷியன்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவன் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதிவிட்டால் போதும்.

251இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் நடுவழியில் போயிற்று. சான்று மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது. பலியே கொடுத்தவர்களுக்கு நீண்ட தவம், மரணப் படுக்கையில் சமாதானம். தானே ஓடிப்போய்ப் பலி கொடுத்தவனும், மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் ஒருவன் மட்டும் போய் நின்றவனும் ஒன்றல்ல என்று ஸைப்ரியன் எழுதினார். ஓரிரண்டு வருஷத்தில் மறுபடி துன்புறுத்தல் வரும் என்ற நிலை. தவத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சமாதானம் கொடுத்துவிட்டார்கள். சிறையில் எழுதிய சீட்டு கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்கு ஸைப்ரியன் ஓர் உரை எழுதியிருக்கிறார். அவருடைய லத்தீனில் அங்கே வரும் சொல் பாவமல்ல, கடன். தமிழ் வேதாகமத்தில் மத்தேயுவிலும் கடன்தான். தனக்கு வர வேண்டியதைத் தள்ளுபடி செய்யாதவன் தன் கடனுக்குத் தள்ளுபடி கேட்க முடியாது என்பதை ஒரு சட்டம் போலவே விளக்குகிறார். கணக்குத் தெரிந்த மனிதர்.

258 செப்டம்பர் 14இல் அவரைக் கொன்றார்கள். இந்தத் தடவை ஓடவில்லை. வெட்டுகிறவன் வந்ததும், அவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கும்படி தம் ஆட்களிடம் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அவர் முன்னால் துணிகளைப் போட்டார்கள். கண்களைத் தாமே கட்டிக்கொண்டார். கைகளைத் தாமே கட்டிக்கொள்ள வரவில்லை. ஒரு குருவும் ஓர் உதவியாளரும் வந்து முடிச்சுப் போட்டார்கள்.