தகட்டு ஆலையும் தலைகீழ்ச் சிலுவையும்



சாத்தானின் இசை எது என்று சபைகளில் பேச்செழும்போதெல்லாம் தவறாமல் வந்துவிடும் பெயர்களில் ஒன்று 'பிளாக் சபாத்'. ஹெவி மெட்டல் என்னும் இசை வகைக்கு அடித்தளமிட்ட குழு அது. பெயரைக் கேட்டே நடுங்கியவர் பலர். அதன் வரலாற்றை விசாரித்தவர் சிலரே.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆஸ்டன் என்றொரு தொழிலாளர் பகுதி உண்டு. அந்நகரில் உலோகத் தகடு ஆலையொன்றில் வேலை செய்துவந்தார் டோனி அயோமி. 1965-இல், தம் 17-ஆம் வயதில், இசையையே தொழிலாகக் கொள்ளத் துணிந்து ஆலையை விட்டு விலகினார். அன்று கடைசி வேலை நாள். மதிய உணவுக்கு வீடு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. ஏற்ற வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பிவைத்தார். பழக்கமில்லாத இயந்திரம் ஒன்று அன்று பிற்பகல் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. அவரோ இடக்கைப் பழக்கமுள்ளவர். கிதாரின் தந்திகளை அழுத்தும் கை அதுவே.

இனி வாசிக்க இயலாது என்றனர் மருத்துவர்கள். மனமுடைந்திருந்தவருக்கு ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் உலகப் புகழ் பெற்ற கலைஞர். அந்த மேலாளரின் செய்கையை எண்ணி நான் வியப்பதுண்டு. ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் வெறும் வார்த்தைகளோடு போவதே பெரும்பாலும் நம் வழக்கம்.

அயோமி பாத்திரம் துலக்கும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் உறைகள் செய்து, அவற்றின்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். கனத்த தந்திகள் வலித்தமையால் மெல்லியவற்றைப் பூட்டினார். பின்னர் 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் கிதாரின் சுருதியையே மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. பாதாளத்திலிருந்து எழுந்ததென்று பலர் அஞ்சிய ஒலிக்குக் காயப்பட்ட கையும் ஒரு காரணம்.

பெயர் வந்த கதை இன்னும் எளிது. ஒத்திகை இடத்துக்கு எதிரே ஒரு திரையரங்கு. போரிஸ் கார்லாஃப் நடித்த திகில் படத்துக்கு அதன் பெயரே 'பிளாக் சபாத்'. பணம் கொடுத்துப் பயப்பட மக்கள் வரிசையில் நிற்கிறார்களே, இதை இசையில் செய்தால் என்ன என்று இளைஞர்களுக்குத் தோன்றிற்று.

முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வெளிவந்தது. அதன் உள்ளட்டையில் தலைகீழான சிலுவையை அச்சிட்டவர்கள் இசைத்தட்டு நிறுவனத்தார். குழுவினரைக் கேட்கவில்லை, அவர்கள் அதை விரும்பவுமில்லை. தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டவர் அப்போஸ்தலனாகிய பேதுரு என்னும் மரபை அந்த விற்பனையாளர்கள் அறிந்திருந்தார்களோ என்னவோ! குழுவினர் கழுத்தில் அணிந்தவையோ நேரான சிலுவைகள். பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் தந்தை தாம் வேலை செய்த ஆலையில் உலோகத்தால் செய்துகொடுத்தவை அவை.

பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970-இல் வந்த 'வார் பிக்ஸ்', ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஆட்சியாளர்களை நியாயத்தீர்ப்பில் நிறுத்துகிறது. அடுத்த ஆண்டின் 'ஆஃப்டர் ஃபாரெவர்', மரணத்துக்குப்பின் ஆத்துமா என்னவாகும் என்று நேருக்கு நேர் வினவி, தேவனைப் பரிகசிப்போரைக் கடிந்துகொள்கிறது.

இவர்களைப் பரிசுத்தவான்களாக்குவது என் நோக்கமன்று. மதுவும் போதைப்பொருளும் இக்குழுவைச் சிதைத்தன. 1979-இல் ஓஸி அதனாலேயே நீக்கப்பட்டார். வாலிபர்களை எச்சரிக்க வேண்டுமானால் அதற்கு இந்த உண்மையே போதும். அட்டைப்படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், என்றாவது ஒருநாள் அப்பிள்ளை உண்மையை வாசித்துவிட்டு, நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறுவான்.

2017 ஜனவரியில், குழுவின் அன்றைய விடைபெறும் சுற்றுப்பயணத்தின் இறுதி நிகழ்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன், அயோமி ஒரு புதிய பாடலை வெளியிட்டார். பாடியவர்கள் பர்மிங்காம் பேராலயப் பாடகர் குழுவினர். சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவதைப் போற்றும் 133-ஆம் சங்கீதத்தைத் தழுவிய அப்பாடலுக்கு அவர் கிதார் வாசித்தார்.