மிச்சிகன் மாநிலமும் நம் பால்மரமும்



இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பாடத்தின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், படைவீரர்கள் மட்டுமா போரை வென்றார்கள்?" அவனுக்கு நான் கூறிய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம்.

கார்களுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரம் அங்குதான் உள்ளது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆலைகள் யாவும் போருக்கே உழைத்தன. வாரன் என்னுமிடத்தில் கிரைஸ்லர் நிறுவனம் நடத்திய ஆலை 22,000க்கும் மேற்பட்ட டாங்கிகளை உருவாக்கியது. வில்லோ ரன் ஆலையில் ஃபோர்டு நிறுவனம் 8,685 பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்து முடித்தது. தொடக்கத்தில் தடுமாறிய அவ்வாலை, 1944இல் மணிக்கு ஏறக்குறைய ஒரு விமானம் என்னும் வேகத்தை எட்டியது. வேலையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்ததால் புதியவர்களும் விரைவில் கற்றுக்கொண்டனர். அங்கு உழைத்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண்.

அம்மாநிலத்திலிருந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் பணியாற்றினர். மிச்சிகன், விஸ்கான்சின் வீரர்களைக் கொண்டு அமைந்த 32ஆம் காலாட்படைப் பிரிவு, 1942 இறுதியில் நியூகினியின் பூனாவில் ஜப்பானியரோடும் மலேரியாவோடும் போராடியது.

இப்பெருமைக்கு நிழலும் உண்டு. வேலை தேடி வந்த கறுப்பினத்தவருக்குக் குடியிருப்பும் சம உரிமையும் மறுக்கப்பட்டன. 1943 ஜூனில் டெட்ராய்ட்டில் வெடித்த இனக்கலவரத்தில் 34 பேர் மாண்டனர். அவர்களுள் 25 பேர் கறுப்பினத்தவர்.

இங்கே நம் கதையும் இணைகிறது. அமெரிக்கா தனக்கு வேண்டிய இயற்கை இரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் தென்கிழக்காசியாவிலிருந்தே பெற்றது. ஜப்பானியர் இப்பகுதியைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. அங்கே முதன்முதலில் பங்கீட்டுக்கு உள்ளான பொருள் டயர்தான்! டெட்ராய்ட்டில் கார் உற்பத்தி நின்ற அதே மாதத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம்மவருள் பல்லாயிரவர் பின்னர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

டெட்ராய்ட்டின் விமானங்கள் ஒன்றுவிடாமல் எண்ணப்பட்டன. சயாமில் மடிந்த நம் தமிழர்களின் சரியான எண்ணிக்கையோ இன்றுவரை இல்லை. அக்காலத்தைக் கண்டோர் இன்று மிகச் சிலரே. உங்கள் குடும்பத்தில் எவரேனும் இருப்பின், பிள்ளைகளை அவரருகே அமர்த்திக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத அப்பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.