திறப்பு விழாவில் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கன்சாஸ் சிட்டி என்றொரு நகரம். 2018இல் அங்கே பிள்ளைகளுக்கான பேஸ்பால் பயிற்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். புல்தரை, மழையிலும் குளிரிலும் ஆடுவதற்குக் கூரை போட்ட கூடம், பயிற்சியாளர்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. தொழில்முறை பேஸ்பாலை நடத்தும் மேஜர் லீக்கும், அந்த ஊர் ராயல்ஸ் அணியும், நகராட்சியும் கைகோத்த வேலை. இந்த வரிசையில் முதல் கூடம் 2006இல் கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் திறந்தது.

திறப்பு விழா எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். மேடை, நாடா, கத்தரிக்கோல், கைதட்டல். மேடையில் இருப்பவர்கள் கொடுத்தவர்கள், கீழே நிற்கும் பிள்ளைகள் வாங்கியவர்கள். போட்டோவும் அப்படித்தான் எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் போய் நிற்கிறவர் ஒரு தரமாவது மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்க்க வேண்டும். நடந்துபோகிற தூரத்தில் பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கின்றன. நகரத்தின் மற்ற பகுதிகளில் கறுப்பர்களைக் குடியேற விடாத காலத்தில் அவர்களுக்குக் கடைவீதியும் இசைக்கூடமும் அந்த இடம்தான். அதன் பக்கத்தில் பேசியோ ஒய்.எம்.சி.ஏ. என்ற பழைய செங்கல் கட்டிடம். இந்தக் கதை அந்தக் கட்டிடத்துக்கும் முன்னால் தொடங்குகிறது.

1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலிடோ அணிக்காக மேஜர் லீக்கில் ஆடினார். எறிபவரின் பந்தை மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பது அவர் வேலை. எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று சைகை காட்டுவதும் அவர்தான். அவர் அணியின் வெள்ளை எறிபவர் டோனி முல்லேன் அந்தச் சைகையைப் பார்க்கவே மாட்டார், தன் இஷ்டத்துக்கு எறிவார். தான் ஆடியதிலேயே சிறந்த பிடிப்பாளர் வாக்கர்தான் என்று பல வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். திறமை தெரியாமல் ஒதுக்கவில்லை. தெரிந்தே ஒதுக்கினார்கள். ஒரு கறுப்பன் சொல்லி நான் கேட்பதா? அவ்வளவுதான் விஷயம்.

1887 ஜூலை 14 அன்று சர்வதேச லீக்கின் முதலாளிகள் கூடி, இனிமேல் கறுப்பர்களுடன் புது ஒப்பந்தம் கிடையாது என்று முடிவெடுத்தார்கள். மேஜர் லீக் அந்த அளவுக்குக்கூட எழுதி வைக்கவில்லை. ‘கறுப்பர் ஆடக்கூடாதுன்னு எங்க சட்டத்துல எங்கேயும் இல்லையே’ என்பது அவர்கள் வாதம். 1942இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் பகிரங்கமாகச் சொன்னதும் இதைத்தான். எழுதாத சட்டத்தை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது? 1884க்குப் பிறகு 1947 வரை, 63 ஆண்டுகள், கறுப்பர் என்று அறியப்பட்ட ஒருவர்கூட மேஜர் லீக்கில் ஆடவில்லை.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1920 பிப்ரவரி 13 அன்று ரூப் ஃபாஸ்டர் அந்தப் பேசியோ ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் மற்ற கறுப்பு அணி உரிமையாளர்களைக் கூட்டினார். எட்டு அணிகளோடு நீக்ரோ நேஷனல் லீக் பிறந்தது. நீக்ரோ என்பது அன்று வழங்கிய சொல். கன்சாஸ் சிட்டியின் மொனார்க்ஸ் அணி அதில் ஒன்று. அதன் உரிமையாளர் வில்கின்சன் மட்டும் வெள்ளையர். 1930இல் லாரியில் ஏற்றிய விளக்குகளையும் ஜெனரேட்டரையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் அந்த அணி ராத்திரியில் ஆடியது. பகலில் வேலைக்குப் போகிற சனம் ராத்திரியில்தானே வர முடியும். மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் 1935இல்தான் நடந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் ஏற்றிய விளக்கு ஐந்து வருஷம் மூத்தது.

1945இல் ஜாக்கி ராபின்சன் மொனார்க்ஸுக்கு ஆடினார். அந்த வருஷமே புரூக்ளின் அணியின் பிராஞ்ச் ரிக்கி அவரை எடுத்துக்கொண்டார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் மேஜர் லீக்கில் இறங்கினார். பாடப் புத்தகத்தில் இருப்பது இந்தத் தேதிதான். மொனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை என்பது அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. அதே ஆண்டு லேரி டோபியை விட்டுக்கொடுக்க நூவார்க் ஈகிள்ஸின் எஃபா மேன்லி என்ற பெண்மணி போராடி வாங்கியது 15,000 டாலர்.

வாசல் திறந்தது, வீடு காலியானது. ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டாவது நீக்ரோ நேஷனல் லீக் 1948 சீசனோடு மூடப்பட்டது. மேஜர் லீக் எடுத்துக்கொண்டது ஆட்டக்காரர்களை மட்டும். கறுப்பு முதலாளி, மேலாளர், நடுவர், கணக்கு எழுதியவர் யாரையும் எடுக்கவில்லை. முதல் கறுப்புப் பயிற்சியாளர் வர 1962 ஆனது, முதல் கறுப்பு மேலாளர் வர 1975 ஆனது. கையையும் காலையும் உள்ளே விட்டார்கள், மூளையை வெளியே நிறுத்தினார்கள். பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த அமைப்பு இப்படித்தான் அழிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1981இல் மேஜர் லீக் ஆட்டக்காரர்களில் கறுப்பு அமெரிக்கர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். 2024இல் சுமார் 6 பேர். 2022இன் இறுதித் தொடரில் இரண்டு அணியிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பு ஆட்டக்காரர் ஒருவர்கூட ஆடவில்லை. 1950க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

‘அவனுங்களுக்கு ஆர்வம் போயிடுச்சு, கூடைப்பந்துக்குப் போயிட்டானுங்க’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆர்வத்துக்கும் விலை இருக்கிறது. மட்டை, கையுறை, மைதானம் எல்லாம் காசு. தேர்வாளர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணிகளில் பணம் கட்டிச் சேர வேண்டும். கல்லூரி வழியாகப் போகலாம் என்றால், பெரிய கல்லூரிகளில் கால்பந்துக்கு 85 முழு உதவித்தொகை இருந்தபோது பேஸ்பால் அணி மொத்தத்துக்கும் 11.7தான். அதையும் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். அந்த வரம்பு 2025இல்தான் போனது. ஏழை வீட்டுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? இன்னொரு பக்கம், அணிகள் டொமினிக்கன் குடியரசில் சொந்தப் பயிற்சிக்கூடங்கள் கட்டி, அங்குள்ள ஏழைப் பையன்களை 16 வயதிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு ஏழைக்கு எதிராக இன்னொரு ஏழை.

எனவே கன்சாஸ் சிட்டியிலும் காம்ப்டனிலும் கூடம் திறந்ததை நாம் எள்ளி நகையாட முடியாது. காம்ப்டனில் பயின்ற ஹன்டர் கிரீன் 2017 தேர்வில் இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்டார். 2022 தேர்வில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பர்கள், மேஜர் லீக்கின் பயிற்சித் திட்டங்கள் வழியாக வந்தவர்கள். இடமும் ஆளும் கொடுத்தால் பிள்ளைகள் வருகிறார்கள். ஆர்வம் போய்விட்டது என்ற பேச்சு அதோடு முடிகிறது.

ஆனால் அங்கே பயிலும் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருகிறோம்? மொனார்க்ஸ் ஆட்டக்காரர் பக் ஓநீலின் கதையைச் சொல்கிறோமா? ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் செலரி வயலில் வேலை செய்த சிறுவன். கறுப்பன் என்பதால் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர முடியவில்லை. மேஜர் லீக்கின் அந்த முதல் கறுப்புப் பயிற்சியாளர் இவர்தான். 2006இல் நீக்ரோ லீக்குகளைச் சேர்ந்த 17 பேரைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள், இவரை விட்டுவிட்டார்கள். 94 வயதில் விழாவுக்குப் போய் அந்தப் பதினேழு பேருக்காகப் பேசிவிட்டு வந்தார். அந்த அக்டோபரில் இறந்தார். அவருக்கு இடம் கிடைத்தது 2022இல்.

கூடம் திறந்த அதே 2018இல், ஜூன் மாதம், பேசியோ ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் யாரோ புகுந்து தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டார்கள். ஓநீல் பெயரில் ஆய்வு மையமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்த இடம் வெள்ளத்தில் மூழ்கியது.

2020இல்தான் நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று அறிவித்தார்கள். 2024இல் புள்ளிவிவரங்களைச் சேர்த்ததும், மட்டையடிச் சராசரியில் ஜோஷ் கிப்சன் .372 எடுத்து எல்லா வெள்ளை ஆட்டக்காரர்களையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில், 35 வயதில். ராபின்சன் களமிறங்க மூன்று மாதம்கூட இல்லை.

இத்தனைக்கும் பிறகு, அந்தக் கூடம் தர்மம் இல்லை. கடனில் ஒரு தவணை. கடன் வாங்கியவர் வட்டி கட்டும்போது யாரும் மாலை போடுவதில்லை. நாடா வெட்டி முடிந்ததும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. நிர்வாகத்தில் அந்தத் தெருக்காரர்கள் எத்தனை பேர்? சொல்லிக் கொடுப்பவர் யார்? பத்து வருஷம் கழித்துப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றக் காசு யார் தருவது? பயிற்சி முடிந்த பிள்ளைகளை வாரம் ஒரு நாளாவது அந்தச் செங்கல் கட்டிடம் வரை நடத்திக் கூட்டிப்போவது யார்?