டூம்ஸ்டே ஒளிவட்டுகள்

இங்கிலாந்தை வென்று ஆண்ட முதலாம் வில்லியம், 1085 ஆம் ஆண்டின் இறுதியில், தன் நாட்டு நிலவுடைமையை ஆராய்ந்து எழுதுமாறு பணித்தான். 1086 இல் நிகழ்ந்த அவ்வாய்வின் பயனாக எழுந்ததே டூம்ஸ்டே ஏடு. அதன் 900 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. நிறுவனம் ஏக்கார்ன், பிலிப்ஸ், லாஜிக்கா என்னும் நிறுவனங்களோடு கூடி, 1986 இல் புதிய டூம்ஸ்டே ஒன்றை ஒளிவட்டுகளில் வெளியிட்டது. தோலில் எழுதிய பழைய ஏடு நின்று நிலவ, புதியது 15 ஆண்டுகளில் படிக்கவியலாததாயிற்று எனப் பலர் எழுதினர். இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

புதிய டூம்ஸ்டே, 30 செ.மீ. குறுக்களவுள்ள இரண்டு வட்டுகளால் ஆயது. நாட்டினை 4 கி.மீ. நீளமும் 3 கி.மீ. அகலமும் உள்ள கட்டங்களாகப் பகுத்து, அவ்வவ்வூர் வாழ்க்கையைப் பள்ளி மாணாக்கர் உள்ளிட்ட பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதியளித்தவை ஒரு வட்டில் உள்ளன. நாட்டுப் புள்ளிவிவரங்களும் படங்களும் மற்றொன்றில் அடங்கும். ஒலி பதியவேண்டிய தடத்தில் கணிப்பொறித் தரவுகளைப் பதித்தமை இவ்வட்டின் தனித்தன்மையாகும். ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மெகாபைட் கொள்ளும். லேசர் ஒளியால் அதனைப் படித்தற்குத் தனியாக அமைந்த பிலிப்ஸ் கருவியும் பி.பி.சி. மாஸ்டர் கணிப்பொறியும் இன்றியமையாதனவாயின.

இடர் விளைந்தது இவ்விடத்தேயாம். வட்டு அழிந்திலது, அதனைப் படிக்கும் கருவிகளே வழக்கொழிந்தன. இதனோடு குறுவட்டை ஒப்பிடுதல் தகும். 1982 இல் இசைக்கெனச் சந்தைக்கு வந்த அது பின்னர்த் தரவுகளையும் ஏற்றது. அதன் கோப்பமைப்புக்கு 1988 இல் ஐஎஸ்ஓ 9660 என்னும் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. ஆதலின் எவர் செய்த கருவியும் அதனைப் படித்தது. டூம்ஸ்டே வட்டுக்கோ அத்தகைய பரந்த வழக்கு வாய்த்திலது.

இனி, பழைய ஏட்டைத் தோலின் வன்மை ஒன்றே காத்தது எனலும் பொருந்தாது. குறுக்கங்கள் மலிந்த இலத்தீனில் அமைந்த அதனைப் படிக்கவல்லார் வழிவழியே இருந்தனர். ஆபிரகாம் பார்லி என்பார், அக்குறுக்கங்களைக் காட்டுதற்கெனத் தனி அச்செழுத்துகள் கொண்டு, 1783 இல் அதனைப் பதிப்பித்தார். கற்றோர் மரபு அறாமையே ஏட்டை வாழச் செய்தது.

புதியதும் அவ்வாறே உயிர்பெற்றது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் கூடி நடத்திய கமிலியான் ஆய்வுத்திட்டத்தார், பழைய கணிப்பொறியின் செயலைப் புதிய கணிப்பொறியில் போலச்செய்து, 2002 இல் வட்டின் செய்திகளைப் படித்துக் காட்டினர். 2011 இல் ஊர்ச்செய்திகள் இணையத்தில் வெளிவந்தன. அத்தளமும் பின்னர் மூடப்படவே, அதன் படி இங்கிலாந்தின் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையச் சேமிப்பில் வைக்கப்பட்டுள்ளது.

எனவே, எழுதப்படு பொருளின் ஆயுள் வேறு, எழுதியது படிக்கப்படும் ஆயுள் வேறு எனத் தெளிகிறோம். பெயர்த்தெழுதப் பெறாத ஏடு மறையும் என்பதைச் சுவடிகளோடு பழகிய நம்மனோர் நன்கறிவர். ஒளிவட்டுக்கும் அதுவே நெறியாம்.