தங்கவயலின் பழைய மடிக்கணினிகள்: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் விளையாடுவது குறித்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. அதன் பிறகு ஊரின் பிழைப்பு பெரும்பாலும் மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூரு போகும் ரயிலை நம்பியே நடக்கிறது. விடியற்காலையில் ஏறி இரவில் இறங்கும் அந்தக் கூட்டத்தோடு ஊருக்கு வந்து சேரும் பொருள்களில் ஒன்று பழைய மடிக்கணினி. பெங்களூரு மென்பொருள் நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகள் எஸ்.பி. ரோடு கடைகளில் துடைத்து, எஸ்.எஸ்.டி. மாற்றி விற்கப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்தில், தமிழ் பேசி வளரும் தங்கவயல் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பலவற்றில் எஸ்.பி. ரோட்டுக் கணினிதான் முதல் கணினி.

அலுவலக வேலைக்கென்று செய்யப்பட்டவை என்பதால் இவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு இருப்பது அரிது. படிப்புக்கு வாங்கிய கணினியில் பிள்ளைகள் விளையாடவும் செய்வார்கள். அதில் தவறொன்றும் இல்லை. படம் இழுத்து இழுத்து ஓடும்போது ‘கிராபிக்ஸ் வீக், ஒன்றும் செய்ய முடியாது’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. இக்கணினிகளில் குறை பெரும்பாலும் நினைவகப் பாதையில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு ரேம் துண்டின் விலை போதும்.

2. ஒருங்கிணைந்த கிராபிக்ஸின் அமைப்பு

தனி கார்டு தனக்கென்று வேகமான நினைவகத்தை வைத்துக்கொள்ளும். ஒருங்கிணைந்த கிராபிக்ஸ், செயலியோடு ஒரே சில்லில் உட்கார்ந்து, கணினியின் பொது ரேமையே பயன்படுத்தும். இன்டெல் எச்.டி. 4000 (2012) 16 செயல் அலகுகள் கொண்டது. எச்.டி. 620, யு.எச்.டி. 620 ஆகியவற்றில் 24. 2020-இல் வந்த ஐரிஸ் எக்ஸ்.ஈ-யில் 96 வரை உண்டு. எஸ்.பி. ரோட்டில் இன்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் நடுவில் சொன்ன 620 வகை என்பதால் ஆய்வு அதையே மையமாகக் கொள்கிறது.

3. நினைவகப் பாதை

3.1 கணக்கு

ஐ5-8250யு செயலியை எடுத்துக்கொள்வோம். டி.டி.ஆர்.4-2400 ரேம் ஒரே துண்டாக இருந்தால், நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிகாபைட் தரவு போய்வரும். இரண்டு துண்டுகள் இருந்தால் இரு தடங்களும் திறந்து 38.4 ஆகும். ஒப்புநோக்க, அதே காலத்து ஜி.டி.எக்ஸ். 1050 மடிக்கணினிக் கார்டுக்குத் தனியாக 112 ஜிகாபைட் பாதை இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஒருங்கிணைந்த கிராபிக்ஸுக்கு அந்த 19.2 முழுதாகவும் கிடைப்பதில்லை என்பது. செயலி, விண்டோஸ், பின்னணியில் திறந்திருக்கும் குரோம் ஆகிய எல்லாமே அதே பாதையில்தான் போகின்றன.

3.2 கடைப்பழக்கத்தின் விளைவு

கடையில் ‘8 ஜி.பி. ரேம்’ என்று சொல்லி விற்பதில் பெரும்பாலும் ஒரே 8 ஜி.பி. துண்டுதான் இருக்கும். வேர்டு, எக்செல் வேலைக்கு வித்தியாசம் தெரியாது. விளையாட்டில் உடனே தெரியும். திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490 இரண்டிலும் ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு. அடிமூடியைத் திறந்து, அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜி.பி. துண்டைச் செருகினால் பாதை இரட்டிப்பாகும். கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும் பங்கு போகவும் விளையாட்டுக்குப் போதிய இடம் மிஞ்சும். ஏ.எம்.டி.யின் வேகா 8 போன்ற வலுவான கருக்களில் இந்த மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அந்தக் கரு வேலைக்குத் தயாராக நின்றும், ஒற்றைத் துண்டு அதற்குத் தரவைக் கொண்டுவந்து சேர்க்க முடியாமல் திணறுகிறது.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாணவர் பணம் சேர்த்து ‘கேமிங் லேப்டாப்’ வாங்கக் காத்திருக்கிறார் என்றால், அதற்கு முன் இந்த ஒரு துண்டை வாங்கச் சொல்வேன்.

4. படப்புள்ளிகள்

1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 1280×720-இல் 9,21,600, அதாவது பாதிக்கும் குறைவு. நொடிக்கு 60 சட்டகம் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 போதுமென்றால் 33.3 மில்லிநொடி கிடைக்கும். நிழலையும் புல்லையும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருப்பதைவிட முதலில் புள்ளிகளைக் குறைப்பதே பலன் தரும். பல விளையாட்டுகளில் ‘ரெண்டர் ஸ்கேல்’ என்ற அமைப்பு உண்டு. அதை 75 சதவீதம் ஆக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 56 சதவீதமாகக் குறையும்; எழுத்துகள் மட்டும் தெளிவாகவே நிற்கும். குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைத் திரையளவுக்குப் பெரிதாக்கும், 2021-இல் ஏ.எம்.டி. வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். நுட்பத்தின் முதல் பதிப்பு இன்டெல் கிராபிக்ஸிலும் ஓடும் என்பது இவ்வகைக் கணினிகளுக்குப் பெரிய உதவி.

5. வெப்பமும் தூசியும்

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியில் பாறையின் சூடு தாங்காமல், மேலே குளிர்விக்கும் இயந்திரம் வைத்துக் காற்றனுப்பித்தான் அங்கே வேலை நடந்தது. மெல்லிய மடிக்கணினியிலும் வேலையின் எல்லையை வெப்பமே குறிக்கிறது. 8250யு-வின் அடிப்படை மின் வரம்பு 15 வாட். செயலிக் கருக்களும் கிராபிக்ஸும் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் சில நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ‘லாக்’ ஆகத் தொடங்குவதன் காரணம் இதுவே.

தங்கவயலுக்கென்று இதில் ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண் இன்னும் சயனைடு மேடுகளாக நிற்கிறது. காற்றடி காலத்தில் அந்த நுண்தூசி வீட்டுக்குள் வருகிறது. மனிதர்களின் நுரையீரலுக்கு அது செய்யும் கேடே முதல் கவலை. கணினி அதற்குப் பின்புதான். ஆனாலும் விசிறியின் இடுக்குகளில் அது படியும் என்பதால், இங்கே அடிமூடியைத் திறந்து துடைப்பதை மற்ற ஊர்களைவிட அடிக்கடி செய்ய வேண்டும். பழைய கணினியில் காய்ந்துபோன வெப்பப் பசையையும் அப்போதே மாற்றிவிடலாம்.

விண்டோஸ் மின் அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 99 சதவீதமாக வைத்தால் ‘டர்போ’ நின்றுவிடும். மிச்சமாகும் மின்சாரமும் வெப்ப இடமும் கிராபிக்ஸுக்குப் போகும். செயலியை அதிகம் கேட்கும் விளையாட்டில் இது எதிர்விளைவு தரும். சோதித்துப் பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. எதை விளையாடுவது

2020-இல் வந்த வேலோரன்ட், எச்.டி. 4000 போதும் என்றே குறைந்தபட்சத் தேவையை அறிவித்தது. வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், கவுன்டர்-ஸ்டிரைக் 1.6 ஆகியவற்றுக்கு 620 தாராளம். ஆனால் 2023 செப்டம்பரில் சி.எஸ்.கோ-வுக்கு மாற்றாக வந்த கவுன்டர்-ஸ்டிரைக் 2 இவ்வகைக் கணினிகளுக்குக் கனமானது. ஒரே புதுப்பிப்பில் பழைய ஆட்டக்காரர்கள் பலர் வெளியே தள்ளப்பட்டார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மைன்கிராஃப்டில் ‘சோடியம்’ என்ற மோட் சேர்த்தால் ஓட்டம் வெகுவாக மாறும்.

கையால் வரைந்த இருபரிமாண விளையாட்டுகளை இங்கே இன்னும் கவனிக்க வேண்டும். ஹாலோ நைட் (2017), ஸ்டார்டியூ வேலி (2016) இரண்டும் ஒருங்கிணைந்த கிராபிக்ஸில் நன்றாக ஓடுபவை. தமிழர்க்கு நெருக்கமானது வெண்பா. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையல் வழியே மொழி கைநழுவுவதைச் சொல்கிறது. 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது பெற்றது. வட ஆற்காட்டிலிருந்து மைன்ஸுக்கு வந்து, வீட்டில் தமிழும் வெளியே கன்னடமுமாக வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கதை புரிய உரை தேவையில்லை. அதைப் பார்க்க விலையுயர்ந்த கார்டும் தேவையில்லை.

7. இனி வாங்குவோர் கவனத்துக்கு

கழிக்கப்பட்டு வரும் கணினிகளின் வகை மாறிக்கொண்டிருக்கிறது. டி480-க்கு அடுத்து வந்த டி490-இல் ஒரு ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, இன்னொன்றுக்கு மட்டும் இடம் விடப்பட்டது. மெல்லிய வகைகள் பலவற்றில் அந்த ஓர் இடமும் இல்லை. வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. பணம் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தி, ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியைப் பார்க்க வேண்டும். ‘1 ஆஃப் 2’ என்றிருந்தால் வாங்கலாம். இரண்டாவது துண்டை அதே கடையில் அப்போதே போடச் சொல்லி, அந்த வரி ‘2 ஆஃப் 2’ என்று மாறுவதைப் பார்த்துவிட்டு ரயிலேறலாம்.