ஆண்டுக்கு இருமுறை: ஆமிஷ் சபைகளில் மன்னிப்பின் வழக்கம்

வட அமெரிக்காவின் ஆமிஷ் கிறிஸ்தவர்களிடையே, தமக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பது, வசந்த காலத்தில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையுமாகச் சபை கூடிச் சோதித்துப் பார்க்கும் கடமையாக நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜன ஆராதனைக்கு இரண்டு வாரம் முன்னதாக நடக்கும் இக்கூட்டத்தில், ஞானஸ்நானம் பெற்ற ஆண், பெண் ஒவ்வொருவரும் கடவுளோடும் சக விசுவாசிகளோடும் தாம் சமாதானமாக இருப்பதை அறிவிக்க வேண்டும். தீராத பகை தெரியவந்தால் இராப்போஜனமே தள்ளிவைக்கப்படுவதுண்டு. இருவரின் மனக்கசப்பு முழுச் சபையின் பந்தியையும் நிறுத்திவிடக்கூடும் என்பதால், அவர்களைச் சேர்த்துவைப்பது எல்லாருடைய பொறுப்பாகிவிடுகிறது. பந்தியின் முடிவில் இருவர் இருவராகக் குனிந்து ஒருவர் பாதத்தை மற்றவர் கழுவுவர்.

இவ்வழக்கத்தின் வேர் 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் தோன்றிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தில் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் தரப்படும் ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசத்தை அறிந்து ஏற்கும் வயதில் பெறுவதே செல்லும் என்று வாதிட்டு மறுபடியும் ஞானஸ்நானம் பெற்ற இவர்களை, கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்த சபைகளின் அரசுகளும் ஒருசேர வேட்டையாடின. வாள் எடுப்பதில்லை என்ற உறுதியோடு அவர்களில் பலர் இறந்தார்கள். அந்த இறப்புகளின் வரலாற்றைத் தொகுத்து டச்சுப் போதகர் தீலமன் வான் பிராக்ட் 1660இல் வெளியிட்ட ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்னும் பெருநூல், 1748-49இல் பென்சில்வேனியாவின் எஃப்ராட்டாவில் ஜெர்மன் மொழியில் அச்சாகி, இன்றும் ஆமிஷ் வீடுகளில் வேதாகமத்துக்கு அருகே வைக்கப்படுகிறது.

அந்நூலின் வரலாறுகளில் மிகப் பரவலாக அறியப்பட்டது, நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊரைச் சேர்ந்த டிர்க் வில்லெம்ஸின் வரலாறு. சிறையிலிருந்து தப்பி, மெல்லிய பனிக்கட்டி மூடியிருந்த நீர்நிலையைக் கடந்துவிட்ட அவர், தம்மைத் துரத்திவந்த காவலன் பனி உடைந்து நீருக்குள் விழுந்ததைக் கண்டு, திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துக் கரையேற்றினார். காப்பாற்றப்பட்டவன் அவரை விட்டுவிட விரும்பியும், கரையில் நின்ற நகரத் தலைவர் அவனது பதவிப் பிரமாணத்தை நினைவூட்டி அவரைப் பிடிக்கச் செய்தார். 1569 மே 16 அன்று டிர்க் உயிரோடு எரிக்கப்பட்டார். பகைவன் மனம் மாறும்வரையோ மன்னிப்புக் கேட்கும்வரையோ அவர் காத்திருக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. 1685ஆம் ஆண்டுப் பதிப்புக்காக ஓவியர் யான் லௌகன் செதுக்கிய படத்தில், இரு கைகளையும் நீட்டிக் குனிந்து நிற்கும் டிர்க்கைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்.

1693 முதல் யாக்கோப் அம்மானின் தலைமையில் மற்ற அனபாப்டிஸ்டுகளிடமிருந்து தனிச் சபையாகப் பிரிந்த ஆமிஷ் மக்கள், 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினர். பிறரை மன்னியாதவர் கடவுளின் மன்னிப்பைப் பெறமாட்டார் என்று மத்தேயு நற்செய்தியில் பரமண்டல ஜெபத்தை அடுத்து வரும் எச்சரிக்கையை இவர்கள் எழுத்துக்கு எழுத்து ஏற்கிறார்கள். ஆயினும் சபைக்குள் தவறு செய்தவர் மனந்திரும்பி அறிக்கையிடும்வரை அவரை உறவாட்டத்திலிருந்து விலக்கிவைக்கும் கண்டிப்பும் இவர்களிடமே உண்டு. அம்மான் பிரிந்ததற்கு அவ்விலக்கு பற்றிய சச்சரவு ஒரு முக்கியக் காரணம். வெளியாருக்கு நிபந்தனையின்றியும் உறுப்பினருக்கு மனந்திரும்புதலின் பேரிலும் கிடைக்கும் இந்த இருவகை மன்னிப்பை, அவர்கள் முரணாகக் கருதுவதில்லை.

2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் உள்ள நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளியில் வெளியார் ஒருவன் சிறுமியர் பத்துப் பேரைச் சுட, அவர்களில் ஐவர் இறந்தனர். கொலையாளி தன்னையும் சுட்டுக்கொண்டான். அன்றே ஆமிஷ் ஆண்கள் சிலர் அவனுடைய மனைவியைத் தேடிச் சென்று, அவர்மீது தங்களுக்குக் கோபம் இல்லை என்று சொன்னார்கள். பின்னர் அவனது அடக்கத்திலும் கலந்துகொண்டார்கள், உதவியாக வந்த நன்கொடையில் ஒரு பகுதியை அக்குடும்பத்துக்கும் தந்தார்கள். உலகம் வியந்த அந்த விரைவு, நூற்றாண்டுகளாகப் பழகிவந்த ஒழுக்கத்திலிருந்து வந்தது: என்ன செய்வது என்று அன்று புதிதாக யோசிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. துயரம் அதனால் குறையவும் இல்லை. மன்னிப்பை மீண்டும் மீண்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள்.

இதே ஒழுக்கம் வலுவற்றவருக்குச் சுமையாவதையும் மறைப்பது நேர்மையாகாது. பாலியல் கொடுமை செய்தவர் சபைமுன் முழந்தாளிட்டு அறிக்கையிட்டு, சில வாரம் விலக்கப்பட்டுத் திரும்பிய பின் அதைப் பற்றிப் பேசுவதே குற்றமாக்கப்பட்டதை, அச்சமூகத்தில் வளர்ந்த பெண்கள் அண்மைப் பத்தாண்டுகளில் வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். டிர்க் மன்னித்தது தமக்கு நேர்ந்ததை. இங்கோ பாதிக்கப்பட்ட பெண்ணின் சார்பில் சபை மன்னித்துவிட்டு, அவளை வாய்மூடச் சொல்கிறது. மன்னியாத வேலைக்காரனின் உவமை இடம்பெறும் மத்தேயு 18ஆம் அதிகாரத்திலேயே, சிறியவருக்கு இடறல் உண்டாக்குபவனைப் பற்றிய இயேசுவின் மிகக் கடுமையான எச்சரிக்கையும் இருக்கிறது. அவ்வதிகாரத்தை முழுமையாக ஏற்கும் சபை, குற்றம் செய்தவனை மன்னிக்கும்போதே அவனை நீதிமன்றத்தின் முன் நிறுத்தவும் கடமைப்பட்டிருக்கிறது.